இன்குபேட்டருக்குள் வைத்த சிவப்புத் தெர்மாமீட்டரில் கோடு துண்டு துண்டாகிவிட்டது. சரி செய்ய வழி உண்டா?

கோட்டையூர் கோழிக்கூடு:
வணக்கம். வீட்டில் சின்னதாக ஓர் இன்குபேட்டர் ஓடுகிறது. தெர்மகோல் பெட்டி, 2 பல்பு, ஒரு குட்டி ஃபேன், டிஜிட்டல் கன்ட்ரோலர், அவ்வளவுதான். நாட்டுக்கோழி முட்டை 24 வைக்கலாம். கன்ட்ரோலரை மட்டும் நம்ப மனசு வரவில்லை. அதனால் பள்ளிக்கூட லேபில் பார்ப்போமே, அந்தக் கண்ணாடிக் குச்சி தெர்மாமீட்டர் ஒன்றையும் உள்ளே நிற்க வைத்திருக்கிறேன். மைனஸ் 10 முதல் 110 வரை அளவு, சிவப்புத் திரவம்.

மதுரையிலிருந்து பைக் பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். வந்த நாளிலிருந்தே சிவப்புக் கோடு முழுசாக இல்லை. கீழ்க்கோடு 34.5-இல் நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரு வெற்றிடம். 36-இல் மறுபடி சிவப்புத் துண்டு ஒன்று தொடங்கி 39-இல் முடிகிறது. உச்சிதானே அளவு என்று 39-ஐ எடுத்துக்கொண்டேன். கன்ட்ரோலரோ 37.5 என்றது. கண்ணாடி பொய் சொல்லாது என்று நினைத்து, உச்சி 37.5-க்கு வரும்வரை கன்ட்ரோலரை 36-க்கு இறக்கினேன்.

அந்த ஈட்டில் 24 முட்டைக்கு 7 குஞ்சுதான். புதுசு வாங்க வேண்டுமா, இதையே சரி செய்யலாமா?

சந்தை சைக்கிள்:
இதெல்லாம் ஒரு பிரச்சினையா? தீக்குச்சியைக் கொளுத்திக் கீழே இருக்கும் குமிழுக்குக் காட்டுங்கள். சர்ரென்று ஏறி எல்லாம் ஒன்றாகிவிடும்.

பழைய லேப்:
ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கல்லூரி லேபில் பல வருடம் இதே வேலை பார்த்தவன் சொல்கிறேன். தீயில் காட்டினால் திரவம் குழாயின் உச்சிவரை ஏறிவிடும். அதற்கு மேல் விரிய இடம் இல்லையென்றால் குமிழ் வெடிக்கும். உள்ளே இருப்பது சாயம் போட்ட ஆல்கஹாலாகவோ மண்ணெண்ணெய் வகையாகவோ இருக்கும், இரண்டுமே தீப்பிடிக்கும். கண்ணாடித் தூள் கண்ணுக்கு நேரே பறக்கும்.

கோழிக்கூடு தம்பிக்கு முதலில் ஒரு கணக்கு. கோடு அறுந்த தெர்மாமீட்டரில் இரண்டு முனையுமே பொய் சொல்லும், ஆனால் கணக்காகப் பொய் சொல்லும். உங்கள் மேல்துண்டின் நீளம் 36 முதல் 39 வரை, அதாவது 3 டிகிரி. அந்த 3 டிகிரித் திரவம் கீழ்க்கோட்டிலிருந்து பிரிந்து போனது. ஆகவே கீழ்க்கோடு 3 டிகிரி குறைத்துக் காட்டும். நடுவில் வெற்றிடம் 34.5 முதல் 36 வரை, அதாவது 1.5 டிகிரி. அந்த அளவு உச்சி மேலே தள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே உச்சி 1.5 டிகிரி கூட்டிக் காட்டும். 34.5-உடன் 3 கூட்டுங்கள், 39-இலிருந்து 1.5 கழியுங்கள். இரண்டும் 37.5-இல் வந்து நிற்கிறது. கன்ட்ரோலர் சொன்னதும் அதைத்தான்.

கோட்டையூர் கோழிக்கூடு:
ஐயா, தலை சுற்றுகிறது. அப்படியானால் நான் சரியாக இருந்த கன்ட்ரோலரை 36-க்கு இறக்கியிருக்கிறேன்?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, எத்தனையாம் நாள் பொரித்தது? அதைச் சொல்லவே இல்லையே.

கோட்டையூர் கோழிக்கூடு:
22-ஆம் நாள் வரை ஒன்றும் அசையவில்லை ஆச்சி. 23-ஆம் நாள் 4, 24-ஆம் நாள் 3. அதிலும் இரண்டு நிற்கவே தள்ளாடியது.

பள்ளத்தூர் ஆச்சி:
அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு கணக்கே வேண்டாம். கோழி முட்டைக்கு 21 நாள். சூடு கூடினால் முன்னாடியே கொத்திக்கொண்டு வரும், சூடு பத்தாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும். உங்களுக்கு இழுத்திருக்கிறது. கண்ணாடி 39 என்று சொன்னால் என்ன, முட்டை குளிருகிறது என்று சொல்லிவிட்டதே.

எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டில் கூடைக்குள் மணல் பரப்பி 11 முட்டை அடை வைப்போம். இடி இடித்தால் கரு கலங்கும் என்று ஓர் இரும்புத் துண்டும் கரியும் போட்டு வைப்பார் எங்கள் அப்பத்தா. தெர்மாமீட்டர் ஏது? அடைக்கோழி எழுந்து போய் இரை தின்று திரும்பி வரும் நேரத்தைத்தான் பார்ப்போம்.

கோட்டையூர் கோழிக்கூடு:
ஆச்சி சொன்னது உறைத்தது. அடுத்த ஈட்டுக்கு முட்டை சேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வாரம் இருக்கிறது. லேப் ஐயா, தீ வேண்டாம் என்றால் வேறு எப்படிச் சேர்ப்பது?

பழைய லேப்:
குளிரில். சூட்டில் மேலே தள்ளிச் சேர்ப்பதை விட, குளிரில் கீழே இழுத்துச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. குழாயில் உள்ள திரவம் முழுவதையும் குமிழுக்குள் இறக்கிவிட்டால், நடுவில் மாட்டிய வாயு குமிழுக்குள் ஒரு கொப்புளமாக வந்துவிடும். அதை மேலே மிதக்கவிட்டு, தட்டி, குழாய் வழியாக வெளியேற்ற வேண்டும்.

உங்கள் குச்சி மைனஸ் 10-இல் தொடங்குகிறது. வெறும் ஐஸில் 0 வரைதான் இறங்கும், போதாது. ஐஸோடு உப்பு வேண்டும். குல்பி வண்டிக்காரர் மண்பானையில் ஐஸும் கல்லுப்பும் போட்டுக் குலுக்குவாரே, அதே வித்தைதான். எடைக்கு 3 பங்கு நொறுக்கிய ஐஸ், 1 பங்கு உப்பு. இந்தக் கலவை மைனஸ் 21 வரை போகக்கூடியது. வீட்டில் மைனஸ் 15 வந்தாலே வேலை நடக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. சூடான இன்குபேட்டரிலிருந்து எடுத்த கையோடு உப்பு ஐஸில் குத்தாதீர்கள், குமிழ்க் கண்ணாடி காகிதம் போல மெல்லியது. முதலில் அறைச்சூடு, அப்புறம் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் கலவை. குமிழ் மட்டும் மூழ்கட்டும், குச்சி எப்போதும் செங்குத்தாக நிற்கட்டும். படுக்கப் போட்டுக் கொண்டுவந்ததும் வழியெல்லாம் குலுங்கியதும்தான் கோடு அறுந்ததற்கே காரணமாக இருக்கும்.

சந்தை சைக்கிள்:
எனக்குத் தீக்குச்சியில் சேர்ந்தது, அதனால்தான் சொன்னேன். இரண்டாவது தடவை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

பழைய லேப்:
கேட்கவில்லை.

கோட்டையூர் கோழிக்கூடு:
முதல் முயற்சி தோல்வி. ஃப்ரிட்ஜ் ஐஸ் கட்டியை நொறுக்காமல் அப்படியே டம்ளரில் போட்டு, தூள் உப்பைத் தூவி, உள்ளே விட்டேன். மைனஸ் 6 வரை போனது, அப்புறம் அசையவில்லை. துண்டும் வெற்றிடமும் ஒன்றாகவே கீழே இறங்கின, சேரவில்லை.

பழைய லேப்:
கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே காற்று இருந்தால் குமிழில் குளிர் ஏறாது. ஐஸைத் துணியில் கட்டி அம்மிக்குழவியால் நொறுக்குங்கள், கஞ்சி போல ஆகட்டும். தூள் உப்பும் வேலை செய்யும், அளவைத்தான் நீங்கள் சிக்கனம் பிடித்திருப்பீர்கள். சும்மா தூவினால் போதாது, கொட்ட வேண்டும்.

கோட்டையூர் கோழிக்கூடு:
முடிந்தது! விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

காலையில் மீன் கடையில் 10 ரூபாய்க்கு ஒரு பை நொறுக்கு ஐஸ் கேட்டு வாங்கினேன். வீட்டுக்காரம்மா அதை அடுப்படிக்குள் விடவில்லை, கவிச்சி அடிக்கிறதாம். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துதான் செய்தேன். பழைய தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸ், ஒரு கை கல்லுப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு என்று அடுக்கிக் கரண்டிக்காம்பால் கிளறினேன். ஃபிளாஸ்க் வாயில் வெள்ளையாகப் பூத்தது.

குச்சியை விட்டதும் கோடு இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. 10, 0, மைனஸ் 5. மேல்துண்டு அதன் பின்னாலேயே வந்தது, நடுவில் வெற்றிடம் அப்படியே. மைனஸ் 10 கோட்டைத் தாண்டி எண்ணே இல்லாத பகுதிக்குள் போனது. பிறகு சிவப்பு கண்ணில் படவே இல்லை. குச்சியைத் தூக்கிப் பார்த்தால் குமிழுக்குள் மேல்பக்கத்தில் கடுகளவு ஒரு கொப்புளம். அதைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டுவிட்டேன்.

மடித்த துண்டின் மேல் குமிழை வைத்து, விரலால் குச்சியின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினேன். கொப்புளம் குழாய் வாய்க்குப் போய் ஒட்டிக்கொண்டது, ஆனால் மேலே ஏற மாட்டேன் என்றது. நேரம் போகப் போகக் குமிழ் சூடேறித் திரவம் மேலே வந்துவிட்டது, கூடவே ஒரு நூல் அளவு வெற்றிடமும். மறுபடி ஃபிளாஸ்க், மறுபடி தட்டல். மூன்றாவது தடவை கொப்புளம் காணோம். கோடு ஒரே நூலாக ஏறி 31-இல் நின்றது.

பழைய லேப்:
நல்ல வேலை. உடனே நம்பிவிடாதீர்கள், சில மணி நேரம் நிற்க வையுங்கள். இந்தத் திரவம் கண்ணாடியை நனைக்கும், குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பது வடிந்து கீழே சேர வேண்டும். பாதரசத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கண்ணாடியில் ஒட்டாது. அதனால்தான் பாதரசத்தின் உச்சி மேடாகவும் இதன் உச்சி குழியாகவும் இருக்கும். குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும், கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து. நின்றபடி குனிந்து பார்த்தால் அரை டிகிரி போய்விடும்.

நாளைக்கு இரண்டு சோதனை. ஒன்று, உப்பில்லாத நொறுக்கு ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு 5 நிமிடம் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். ஆனால் உங்களுக்கு வேண்டியது 0 இல்லை, 37.5. அதற்கு வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் போதும். அது துல்லியமாக வேலை செய்வதே உடம்புச் சூட்டை ஒட்டித்தான். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டின் முனையையும் ஒட்டினாற்போல் வைத்துக் கிளறிக்கொண்டே பாருங்கள். 99.5 ஃபாரன்ஹீட் என்றால் 37.5 செல்சியஸ்.

கானாடுகாத்தான் திண்ணை:
இந்த இழையைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுத் தூணில் தொங்குவது ஞாபகம் வந்தது. தேக்குப் பலகையில் பதித்த சுவர்த் தெர்மாமீட்டர். ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். அளவு ஃபாரன்ஹீட், சிவப்புத் திரவம். கோடு அறுந்து நடுவில் இடைவெளி எல்லாம் இல்லை, முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்திரி வெயிலிலும் 90-ஐத் தாண்டாது. விருந்தாளிகள் எல்லாம் "செட்டிநாட்டு வீடு என்றால் இதுதான் குளிர்ச்சி" என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டும்.

பழைய லேப்:
குழாயின் உச்சியைப் பாருங்கள், டார்ச் அடித்து.

கானாடுகாத்தான் திண்ணை:
அட! உச்சியில் தனியாகச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 9 டிகிரி நீளம் இருக்கும். இத்தனை வருடம் அது ஏதோ பெயின்ட் என்று நினைத்தேன்.

பழைய லேப்:
அந்த 9 டிகிரியைத்தான் உங்கள் வீடு குளிர்ச்சி என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இது குலுங்கி அறுந்தது இல்லை, வடிந்து போனது. முற்றத்து வெயில் பலகையின் கீழ்ப்பாதியில் விழுகிறதா? மேல்பாதி தாழ்வார நிழலில் இருக்கிறதா?

கானாடுகாத்தான் திண்ணை:
நேரில் வந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

பழைய லேப்:
கீழே சூடு, மேலே குளிர்ச்சி. ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து படிந்துவிடுகிறது. ஊறல் காய்ச்சுகிற வேலையை வெயிலே செய்திருக்கிறது. அதையே தலைகீழாகச் செய்யுங்கள். குமிழைச் சுற்றி ஐஸ் பை கட்டுங்கள், குழாயின் உச்சியில் வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள். மேலே இருப்பது ஆவியாகிக் கீழே வந்து சேரும். ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். அவசரப்பட்டுக் கொதிக்கிற துணி போட வேண்டாம்.

பலகையிலிருந்து குழாயைக் கழற்றாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், குழாயிலும் பலகையிலும் நேர்கோட்டில் பென்சில் குறி போட்டுவிட்டு அவிழுங்கள். அளவு பலகையில் இருக்கிறது, திரவம் குழாயில் இருக்கிறது. இரண்டும் நகர்ந்தால் அப்புறம் அது வெறும் அலங்காரம்.

சந்தை சைக்கிள்:
அலங்காரத்துக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலை உண்டு!

தேவகோட்டை அம்மா:
எங்கள் வீட்டிலும் ஒன்று கோடு விட்டிருக்கிறது, காய்ச்சல் பார்ப்பது. ஆனால் உள்ளே சிவப்பு இல்லை, வெள்ளி நிறம். இதையும் உப்பு ஐஸில் வைக்கலாமா?

பழைய லேப்:
வேண்டாம் அம்மா. அது பாதரசமாக இருக்கும். காய்ச்சல் தெர்மாமீட்டரில் குமிழுக்கு மேலே குழாய் ஒரு இடத்தில் இறுகியிருக்கும். வாயிலிருந்து எடுத்த பிறகும் அளவு இறங்காமல் நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அங்கே கோடு அறுவது அதன் இயல்பு, உதறினால் இறங்கிவிடும். உதறியும் சேரவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் மூடியுள்ள டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு டிஜிட்டல் வாங்கிக்கொள்ளுங்கள். பாதரசச் சாமான்களைக் குறைக்கத்தான் 2013-இல் மினமாட்டா ஒப்பந்தமே வந்தது.

உடைந்துவிட்டால் விளக்குமாறும் வேண்டாம், வாக்யூம் கிளீனரும் வேண்டாம். இரண்டும் அதை இன்னும் சிறிய மணிகளாக்கிப் பரப்பிவிடும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் மணிகளை ஒன்று சேர்த்துக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து மூடுங்கள். அதற்கு முன் கையிலுள்ள மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தில் பட்டால் அதோடு கலந்து வெள்ளையாக்கிவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
இது தெரியாமல் சின்ன வயதில் உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். மோதிரம் வெளுத்துப் போய் அடி வாங்கியதும் நான்தான்.

கோட்டையூர் கோழிக்கூடு:
சோதனை முடிந்தது. ஐஸில் 0 காட்ட வேண்டியது 0.5 காட்டியது. வெதுவெதுத் தண்ணீரில் டிஜிட்டல் 99.5 என்றபோது சிவப்பு 38. இரண்டு இடத்திலும் அதே அரை டிகிரிதான் கூட. கோடெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, பிறகு ஏன்?

பழைய லேப்:
விலை குறைந்த குச்சியில் அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் சகஜம், தயாரிக்கும்போதே வருவது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்பதால் கவலை இல்லை. ஒரு சீட்டில் "அரை கழிக்கவும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். லேபில் நாங்களும் அதைத்தான் செய்வோம்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 சரி. ஃபேன் நின்றால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு, அப்போது அந்த எண் பொருந்தாது. தெர்மாமீட்டர் குமிழ் முட்டை உயரத்தில் இருக்கட்டும், பல்புக்கு நேரே வேண்டாம்.

கானாடுகாத்தான் திண்ணை:
இரண்டு மணி நேரம், நான்கு ஐஸ் பை. உச்சியில் இருந்த சிவப்பு மெல்ல மெல்ல மெலிந்து போய்விட்டது. கீழே எப்போது சேர்ந்தது என்றே தெரியவில்லை. இன்று மதியம் 2 மணிக்கு 101 காட்டுகிறது. நிழல் விழும் தூணுக்கு மாற்றிவிட்டேன். இனி விருந்தாளிகளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
நீர்மோர் கொடுங்கள், போதும். கோழிக்கூடு தம்பி, முட்டை வைத்தாயிற்றா?

கோட்டையூர் கோழிக்கூடு:
வைத்து 21 நாள் ஆயிற்று ஆச்சி, அதைச் சொல்லத்தான் வந்தேன். 22 முட்டை வைத்தேன். 7-ஆம் நாள் லைட் அடித்துப் பார்த்து, கரு பிடிக்காத 3-ஐ எடுத்துவிட்டேன். மீதி 19. நேற்று இரவே உள்ளே கொத்தும் சத்தம் கேட்டது. இன்று சாயங்காலத்துக்குள் 16 வெளியே வந்துவிட்டன, எல்லாம் காலூன்றி நிற்கின்றன.

பள்ளத்தூர் ஆச்சி:
மகராசனாக இருங்கள். நடுவில் ஒரு நாள் இடி மின்னல் என்று ஊரே அதிர்ந்ததே, இரும்பு போட்டீர்களா?

கோட்டையூர் கோழிக்கூடு:
போடவில்லை ஆச்சி. ஆனால் இப்போது குஞ்சுகளை எடுக்கும்போது பார்க்கிறேன், கன்ட்ரோலர் மாட்டிய அன்று காணாமல் போன ஸ்க்ரூடிரைவர் முட்டைத் தட்டுக்கு அடியில் கிடக்கிறது.